ஊருக்கு ஒரு கொடியேற்றம்

மதுரை மாமன்றத்தின் நூறு உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்



எங்கள் தெரு முனையில் ஒரு சிமென்ட் பீடம் இருக்கிறது. இடுப்பளவு உயரம், மூன்று படி, மேலே நடுவில் ஒரு துளை. அந்தத் துளையில் நின்ற கம்பம் இப்போது இல்லை. பொது இடங்களில் கட்சிகளும் சாதி, மத அமைப்புகளும் நட்ட நிரந்தரக் கொடிக்கம்பங்களை அகற்றும்படி 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு ஒருநாள் எங்கள் முனைக் கம்பத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பீடத்தை விட்டுவிட்டார்கள். காலையில் பால் வாங்கப் போகிற பெரியவர்கள் அதில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார்கள்.

அந்த வழக்கைப் பற்றி எழுத நான் வரவில்லை. அந்தத் துளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் எழும் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கவே இந்த மடல். கட்சிக்குக் கொடி இருக்கிறது. சங்கத்துக்கு இருக்கிறது. ரசிகர் மன்றத்துக்கு இருக்கிறது. ஆட்டோ நிறுத்தத்துக்குக்கூட இருக்கிறது. மதுரைக்கு?

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்தவன். ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு ஒருநாள் எட்டாம் வகுப்பில், "நம்ம ஊர்க் கொடியை வரைங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். திட்டமிட்டுச் சொன்னதில்லை. அன்றைய பாடக்குறிப்பில் பூக்கொடி என்று இருந்தது, வாய் அப்படித் திரும்பிவிட்டது. நாற்பத்தொரு தாள்கள் வந்தன. பாதிப் பேர் மூவண்ணக் கொடி வரைந்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், அப்பாவோ மாமாவோ இருக்கிற கட்சியின் கொடியை. சிலர் சென்னை கிரிக்கெட் அணியின் மஞ்சள் கொடியை, சிங்கத்தோடு. இரண்டு பிள்ளைகள் கோயில் கொடியேற்றத்தில் பார்த்த ரிஷபக் கொடியை. ஒரு பையன் இரண்டே நிறத்தில் பட்டை போட்டுக் கொடுத்தான். எந்தக் கொடி என்று எனக்குப் பிடிபடவில்லை. தாளை வாங்கும்போது அவன் மணிக்கட்டு கண்ணில் பட்டது. அதே இரண்டு நிறத்தில் கயிறு.

நான் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் அது உறுத்துகிறது. பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்று 2024இல் நீதியரசர் கே. சந்துரு குழு அறிக்கை கொடுத்தபோது, நாளிதழைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பையனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். "நம்ம ஊர்" என்று நான் சொன்னதும் அவன் மனசில் வந்தது அவன் தெரு மட்டும். அதைவிடப் பெரிய ஒரு 'நம்ம'வை அவனுக்கு நாம் யாரும் காட்டியிருக்கவில்லை. கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை மட்டும் தாளை வெறுமையாக வைத்துக்கொண்டு, "மதுரைக்குக் கொடி இருக்கா சார்?" என்று கேட்டாள். தெரியலம்மா என்றேன். அவளுக்கான பதிலை இப்போது உங்களிடம் கேட்கிறேன்.

கொடி என்றால் என்ன என்று இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மீனாட்சியம்மன் கோயில் கம்பத்தடி மண்டபத்தில் கொடி ஏறினால்தான் சித்திரைத் திருவிழா. பந்தல்காரர், பூக்காரர், தேர் வடம் பிடிப்பவர், நீர்மோர்ப் பந்தல் போடுபவர் என்று எல்லாருடைய நாட்களும் அந்த ஒரு நேரத்திலிருந்துதான் எண்ணப்படுகின்றன. துபாயில் வேலை பார்க்கிறவர் வீட்டுக்குப் போன் போட்டு, "கொடி ஏறிருச்சா?" என்றுதான் முதலில் கேட்பார். சுற்றுப்பட்டு ஊர்களில் காப்புக் கட்டிக் கொடி ஏற்றிவிட்டால், திருவிழா முடிகிற வரை வெளியூரில் இரவு தங்க மாட்டார்கள். எட்டு மாதமாகப் பேசாத பங்காளியும் வரிப்பணம் கொண்டுவந்து கொடுத்துத்தான் ஆக வேண்டும். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 அன்று ஏறுவதும் கொடிதான். நாகூரில் கந்தூரி தொடங்குவதும் கொடியோடுதான். மதம் எதுவானாலும் தமிழனுக்குக் கொடி ஏறுவதென்றால் ஊர் ஒரு காரியத்துக்குக் கட்டுப்பட்டுவிட்டது என்று அர்த்தம். இந்தக் கட்டுப்பாட்டைச் சாமிக்குக் கொடுக்கத் தெரிந்த நாம், நாம் வாழ்கிற நகரத்துக்குக் கொடுக்கவில்லை.

தமிழ் இலக்கியத்தில் மிகவும் பேர்பெற்ற கொடிகள் மதுரையின் கொடிகள்தாம். பள்ளிக்கூடத்தில் தற்குறிப்பேற்ற அணிக்கு உதாரணமாக நாமெல்லாம் படித்தவை. கோவலனும் கண்ணகியும் வையையைக் கடந்து வருகிறார்கள். மதிலின் மேல் நீண்ட கொடிகள் காற்றில் அசைகின்றன. உள்ளே வராதீர்கள் என்று கைகாட்டித் தடுப்பதுபோல அவை அசைந்தன என்கிறார் இளங்கோவடிகள். அதே பாடத்தில் அடுத்த உதாரணம் கம்பருடையது. மிதிலையின் கொடிகள் இராமனைச் சீக்கிரம் வா என்று அழைப்பதுபோல ஆடின. எட்டாம் வகுப்பில் இதைப் படித்தபோது, நம் ஊர்க்கொடி மட்டும் ஏன் வராதே என்றது என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த வருத்தம் முழுசாகப் போகவில்லை. மதில்களும் இப்போது இல்லை. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். அங்கே வெளி வீதிகள் வந்தன, ஊர் வெளியே பரவியது. அவர் நினைவாக நட்ட விளக்குத்தூண் இன்னும் நிற்கிறது. எவரும் எந்தப் பக்கமிருந்தும் நுழையலாம் என்று ஆகிவிட்ட ஊருக்கு, வா என்று அழைக்கிற கொடி ஒன்று வேண்டாமா?

சிகாகோவின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். நகரக் கொடி என்றால் உலகம் முதலில் சுட்டுவது அந்த ஊரைத்தான். 1917இல் அந்த நகர மன்றம், உங்களைப் போன்ற வார்டு உறுப்பினர்கள் அமர்ந்த மன்றம், ஒரு கொடியை ஏற்றுக்கொண்டது. வடிவமைத்தவர் வாலஸ் ரைஸ் என்ற எழுத்தாளர். வெள்ளைத் துணியில் இரண்டு வெளிர்நீலக் கோடுகள், நடுவில் சிவப்பு நட்சத்திரங்கள். நீலக் கோடுகள் அந்த ஊரின் நீர்: ஆற்றின் இரண்டு கிளைகள், ஏரி, கால்வாய். நீலத்துக்கு மேலும் நடுவிலும் கீழும் இருக்கிற மூன்று வெள்ளைப் பட்டைகள் நகரத்தின் வடக்கு, மேற்கு, தெற்குப் பகுதிகள். எந்தப் பகுதியில் குடியிருந்தாலும் கொடியில் அவருக்கு ஓர் இடம் உண்டு.

நட்சத்திரங்களில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் இரண்டு வைத்தார்கள். ஒன்று 1893 உலகப் பொருட்காட்சிக்கு. அதை ஒட்டி நடந்த சர்வசமயப் பேரவையில்தான் விவேகானந்தர் பேசினார். அவரை அங்கே அனுப்ப முன்னின்றவர்களில் நம் பக்கத்து ராமநாதபுரத்து பாஸ்கர சேதுபதியும் ஒருவர். இன்னொரு நட்சத்திரம் 1871 பெருந்தீக்கு. ஏறக்குறைய 300 பேர் செத்து, ஒரு லட்சம் பேர் வீடிழந்த தீ. தன் ஊர் எரிந்து கரியானதை ஒரு நகரம் தன் கொடியிலேயே எழுதி வைத்திருக்கிறது. மறைக்கவில்லை. அதிலிருந்து எழுந்தோம் என்பதற்கான அடையாளமாக வைத்துக்கொண்டது. பிறகு 1933இல் ஒரு நட்சத்திரமும் 1939இல் இன்னொன்றும் சேர்ந்தன. இப்போது நான்கு. அந்த ஊரில் பெரிய காரியம் ஏதாவது நடந்தால், ஐந்தாவது நட்சத்திரம் இதற்குத் தரலாமா என்று மக்கள் பேசிக்கொள்கிறார்கள். தீயணைப்பு வீரரின் சவப்பெட்டியில் அந்தக் கொடி போர்த்தப்படுகிறது. தேநீர்க் கோப்பையில் இருக்கிறது, பனியனில் இருக்கிறது, கையில் பச்சை குத்திக்கொள்கிறார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அரசு அலுவலகத்தின் மாடியில் மட்டும் இருந்திருந்தால் அது செத்த துணி. மக்கள் தங்கள் வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போனார்கள், பிழைத்தது.

அசிங்கமான கொடியை மாற்றிக்கொண்ட ஊரும் உண்டு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் போகடெல்லோ என்று ஐம்பதாயிரம் சொச்சம் பேர் வாழ்கிற ஒரு நகரம். அதன் கொடியில் ஊர்ப் பெருமையைச் சொல்லும் விளம்பர வாசகம், வணிகச் சின்னக் குறி எல்லாம் அச்சடிக்கப்பட்டிருந்தன. 2004இல் வட அமெரிக்கக் கொடியியல் சங்கம் 150 நகரக் கொடிகளை வரிசைப்படுத்தியபோது அது கடைசி இடம். 2015இல் ரோமன் மார்ஸ் என்ற வானொலிக்காரர் நகரக் கொடிகளைப் பற்றிப் பேசிய உரை உலகமெங்கும் பரவ, போகடெல்லோவின் கடைசி இடமும் ஊரறிய ஆனது. அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொண்டு உட்காரவில்லை. குழு அமைத்தார்கள், நூற்றுக்கணக்கான வடிவங்கள் வந்தன, 2017இல் மலையும் ஆறும் கொண்ட புதிய கொடி ஏறியது. ஓவிய ஆசிரியனாக இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று. கொடியில் எழுத்து வேண்டவே வேண்டாம். கொடியைப் பின்பக்கமிருந்தும் பார்ப்பார்கள். எழுத்து அங்கே இடம் வலமாகப் புரண்டு தெரியும். ஊர்ப் பேரை எழுதித்தான் ஊரைக் காட்ட முடியும் என்றால் அது பெயர்ப்பலகை.

ஆக்லஹோமா மாநிலத்து டல்சாவைச் சொல்லாமல் விட முடியாது. 1921இல் அந்நகரின் கிரீன்வுட் பகுதியில் கறுப்பின மக்களின் வீடுகளையும் கடைகளையும் வெள்ளையர் கும்பல் எரித்தது. பல பத்தாண்டுகள் அந்த ஊர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. 2018இல் டல்சா ஏற்றுக்கொண்ட புதிய கொடியில் இருக்கும் சிவப்பு, அன்று சிந்திய ரத்தத்தைக் குறிக்கிறது. பொதுமக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த கொடி அது. பெருமை என்றால் நல்லதை மட்டும் சொல்வது என்று நினைக்கிறவர்கள் அந்தக் கொடியைப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டிலும் இந்த ஆசை புதிதில்லை. 1970இல் முதலமைச்சர் கருணாநிதி மாநிலத்துக்குத் தனிக்கொடி வேண்டும் என்று ஒரு வடிவத்தை வெளியிட்டார், அது நடக்கவில்லை. சுதந்திர நாளில் மாநில முதல்வர்களே தேசியக் கொடி ஏற்றும் உரிமை 1974இல் கிடைத்தது. கர்நாடகத்தில் மா. ராமமூர்த்தி 1960களில் உருவாக்கிய மஞ்சள் சிவப்புக் கொடி, சட்டத்தின் முத்திரை இல்லாமலேயே பெங்களூரு ஆட்டோக்களில் பறக்கிறது. அதைப் பார்க்கிறபோது எனக்கு மகிழ்ச்சியும் பயமும் சேர்ந்தே வருகின்றன. 1991இல் காவிரிப் பிரச்சினையை ஒட்டி அந்த நகரத்தில் தமிழர்கள் அடிபட்டதை என் வயதுக்காரர்கள் மறக்கவில்லை. கொடி கைக்கு வரும்போது கம்பும் கூடவே வருகிறது. ஆகவே நமக்கு வேண்டியது இங்கே பிறந்தவர், வந்தவர் என்று கணக்குப் பார்க்கிற கொடியாக இருக்கக் கூடாது. மதுரை என்றைக்கும் அப்படி இருந்த ஊரும் இல்லை. சௌராஷ்டிரம் பேசுகிறவர் இல்லாத மதுரை உண்டா? தெற்கு மாசி வீதியில் தெலுங்கும், காஜிமார் தெருவில் தொழுகை அழைப்பும், தூய மரியன்னை பேராலய மணியும் இல்லாத மதுரை உண்டா? நேற்று ராத்திரி பீகாரிலிருந்து வந்து இறங்கி இன்றைக்குக் காலையில் கட்டட வேலைக்குப் போன பையனும் அந்தக் கொடியை நிமிர்ந்து பார்த்து, இது என்னுடையதும்தான் என்று நினைக்க வேண்டும்.

உங்களில் பலர் இப்போது கேட்கப் போகிற கேள்வி எனக்குத் தெரியும். சாக்கடை வழிகிறது, குப்பை மலையாகக் கிடக்கிறது, கொடிக்கு இப்போது என்ன அவசரம்? நியாயமான கேள்வி. 2025இல் வெளியான ஸ்வச் சர்வேக்ஷண் தூய்மைக் கணக்கெடுப்பில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 40 நகரங்களில் மதுரைக்குக் கிடைத்தது 40ஆவது இடம். அந்தச் செய்தி வந்த அன்று டீக்கடையில் ஒருவரும் அதைத் தன் விஷயமாகப் பேசவில்லை. கார்ப்பரேஷன் சரியில்லை என்றார்கள். அரசு சரியில்லை என்றார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து குப்பை போடுகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். நம் ஊர் கடைசி என்று நெஞ்சில் அடித்துக்கொண்டவர் யாரும் இல்லை. அவமானப்படுவதற்குக்கூட ஓர் ஊர் 'என்னுடையது' என்று இருக்க வேண்டும். சித்திரைத் திருவிழா முடிந்த மறுநாள் வைகையில் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பாருங்கள். அதைப் போட்டவர் யாரும் கெட்டவர் இல்லை. தன் வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வந்தவர்தான். வாசலோடு அவர் 'வீடு' முடிந்துவிடுகிறது.

கொடி ஏற்றினால் சாக்கடை வற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. துணி குப்பை அள்ளாது. ஆனால் வாசலைத் தாண்டியும் வீடு இருக்கிறது என்று நினைவூட்ட ஒரு பொருள் வேண்டும். குப்பை வண்டியில், தூய்மைப் பணியாளரின் சட்டைக் கையில், மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளின் நோட்டில், குடிநீர் லாரியில், தெப்பக்குளத்துப் படிக்கட்டில் ஒரே அடையாளம் இருந்தால் அவை எல்லாம் ஒரே குடும்பத்துச் சாமான் என்று கண்ணுக்குத் தெரியும். ஆம்ஸ்டர்டாமில் கொடியில் இருக்கிற அதே மூன்று பெருக்கல் குறிகள் தெருவோர இரும்புக் குட்டித் தூண்களிலும் இருக்கின்றன. மக்கள் தினம் நூறு முறை பார்க்கிறார்கள்.

கொடியில் என்ன இருக்கலாம்? உங்களைவிட இதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு என்பதால் யோசித்ததைச் சொல்கிறேன். முடிவு மக்களுடையது.

முதலில் எல்லாருக்கும் தோன்றுவது கோபுரம். வேண்டாம் என்பேன். மாநில அரசின் முத்திரையிலேயே கோபுரம் இருக்கிறது. தவிர, ஓர் ஐந்து வயதுப் பிள்ளை பார்க்காமல் வரையக் கூடியதாகக் கொடி இருக்க வேண்டும். இத்தனை சுதைச் சிற்பத்தை அந்தப் பிள்ளை எப்படி வரையும்? அடுத்தது மீன். பாண்டியர் காசிலிருந்து வருகிற மீன், அழகான வடிவம், பிள்ளைகள் ஒரே கோட்டில் போட்டுவிடுவார்கள். எனக்கும் மீன் மேல் ஆசைதான். ஆனால் வைகையில் மீன் பிடித்து விளையாடிய கடைசித் தலைமுறை என்னுடையது. மீனைக் கொடியில் வைக்கிறவர்கள் ஆற்றில் மீனைத் திரும்பக் கொண்டுவருவதாகவும் சேர்த்துத் தீர்மானம் போட வேண்டும். மூன்றாவது, நம் தெருக்களின் வடிவம். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த வீதிகள். ஒரு மாதத்தைச் சொன்னால் ஒரு தெரு நினைவுக்கு வருகிற ஊர் வேறெது? வரைபடமே கொடியாகக் கூடியது. இதில்தான் நான் பல மாதம் நின்றேன். பிறகு ஆனையூரில் இருக்கும் என் தங்கை மகளிடம் காட்டினேன். "நாங்க எங்க மாமா இருக்கோம் இதுல?" என்று கேட்டாள். 2011இல் மாநகராட்சி வட்டங்கள் 72லிருந்து 100 ஆனபோது ஊருக்குள் வந்தவர்கள் அவர்கள். இந்த வீதிகளுக்கு வெளியேதான் மதுரையின் பெரும்பகுதி இன்றைக்கு இருக்கிறது. அவள் கேட்டது சரி.

ஆறு எல்லாருக்கும் பொது. வடகரை, தென்கரை என்று பிரிப்பதும் அதுதான், சேர்ப்பதும் அதுதான். ஆகவே குறுக்கே ஒரு கோடு வைகைக்கு.

நிறம் பெரிய சங்கடம். தமிழ்நாட்டில் எந்த நிறத்தைத் தொட்டாலும் அதற்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். சிவப்பு, கறுப்பு, பச்சை, நீலம், மஞ்சள், காவி ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி. இரண்டைச் சேர்த்தால் ஒரு சாதிச் சங்கம். இதற்கு ஒரு விடை என் பாட்டியின் மரப்பெட்டியில் கிடைத்தது. சுங்குடிச் சேலை. அரக்கு நிறத் துணியில் வெள்ளைப் புள்ளிகள். சௌராஷ்டிரப் பெண்கள் துணியை நகத்தால் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால் அந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். ஆயிரக்கணக்கான முடிச்சு ஒரு சேலைக்கு. இப்போது மெழுகு அச்சில் வருவதே அதிகம். கையால் முடிச்சுப் போடத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அந்த அரக்கும் அந்த வெள்ளைப் புள்ளியும் எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை. இந்த ஊருக்குச் சொந்தம். புவிசார் குறியீடே மதுரைச் சுங்குடி என்றுதான் இருக்கிறது.

சிகாகோவின் நட்சத்திரம் போல நமக்குப் புள்ளி. ஒரு புள்ளி 1921 செப்டம்பர் 22க்கு: மேல மாசி வீதியில் காந்தியார் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறிய நாள். ஒரு புள்ளி 1939 ஜூலை 8க்கு: வைத்தியநாதய்யர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர், அதுவரை தடுக்கப்பட்டிருந்தவர்கள், மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த நாள். எனக்கு மட்டும் கேட்டால் அந்தப் புள்ளிதான் நடுவில் இருக்க வேண்டும் என்பேன். ஒன்று, பாண்டித்துரைத் தேவர் 1901இல் தொடங்கிய தமிழ்ச் சங்கத்துக்கு. மற்றதை ஊர் சொல்லட்டும். இடம் காலியாக விட்டு வையுங்கள். வைகையில் கழிவுநீர் கலப்பது நிற்கிற வருடம் ஒரு புள்ளி வைக்கலாம் என்று உங்கள் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.

எப்படிச் செய்வது என்பதில் ஒரு பிடிவாதம் எனக்கு உண்டு. ஒரு விளம்பர நிறுவனத்திடம் டெண்டர் விட்டு ஒரு வடிவத்தை வாங்கி, மேடை போட்டு, திரை விலக்கி வெளியிட்டுவிடாதீர்கள். அப்படி வந்த கொடி அந்தக் கல்வெட்டோடு நின்றுவிடும். மில்வாக்கி நகரத்தில் 2016இல் மக்கள் வாக்களித்து ஒரு கொடியைத் தேர்ந்தெடுத்தார்கள். நகர மன்றம் ஏற்றுக்கொள்ளாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. மக்கள் காத்திருக்கவில்லை, தாங்களே பறக்கவிட்டார்கள். மக்களைக் கேட்டுச் செய்த கொடிக்குத் தீர்மானம்கூட இரண்டாம் பட்சம். நம்மிடம் பகுதி சபைக் கூட்டங்கள் இருக்கின்றன. பல வட்டங்களில் அதற்கு இருபது பேர் வருவதே அபூர்வம். நம் கொடியில் என்ன இருக்கணும் என்ற ஒரே பொருளை வைத்துக் கூட்டிப் பாருங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லவும் அந்தச் சாக்கில் நூறு பேர் வருவார்கள். பள்ளிகளில் வரையச் சொல்லுங்கள். சுங்குடிக்காரர்களை, கோலம் போடுகிறவர்களை, புது மண்டபத்தில் இருந்து இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிய தையல்காரர்களைக் கேளுங்கள். அழகர் வேடத்துக்கு உடை தைத்த கைகளுக்குத் துணி காற்றில் எப்படி விழும் என்று தெரியும். வடிவம் முடிவானபின் அதன் மேல் யாருக்கும் உரிமை வைக்காதீர்கள். ஜிகர்தண்டா கடைக்காரர் தன் வண்டியில் வரைந்துகொள்ளட்டும், கபடி அணி பனியனில் போட்டுக்கொள்ளட்டும். தலைவர் படம் இல்லை, உபயம் இன்னார் என்ற வரி இல்லை என்ற இரண்டு நிபந்தனைகள் மட்டும் போதும்.

சட்ட ஆலோசனையையும் கேட்டுக்கொள்ளுங்கள். தேசியக் கொடிக்கு மேலேயோ அதற்குச் சமமாகப் பக்கத்திலேயோ வேறு கொடி பறக்கக் கூடாது என்பது கொடி விதி. அதற்குக் கீழே, அதற்குரிய மரியாதையோடு, மாநகராட்சி வளாகத்துக்குள்ளும் வட்ட அலுவலகங்களிலும் நம் கொடிக்கு இடம் பார்ப்பது கடினமான காரியமில்லை. தெருமுனைகளில் புதிதாகக் கம்பம் நட வேண்டாம். நீதிமன்றம் ஏன் அப்படிச் சொன்னதோ அந்தக் காரணம் நமக்கும் பொருந்தும்.

நாளும் தயாராக இருக்கிறது. 1866 நவம்பர் 1இல் மதுரை நகராட்சி ஆனது. 1971 மே 1இல் மாநகராட்சி ஆனது. எனக்கு மே 1 பிடிக்கிறது, அது உழைப்பவர் நாள் என்பதால். சித்திரைத் திருவிழாக் காலத்தை ஒட்டி வருவதால் வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பலரும் வந்திருப்பார்கள். நூறு வட்டங்களிலும் ஒரே நேரத்தில் கொடி ஏறட்டும். ஏறிய பிறகு, காப்புக் கட்டிய ஊர் போல, பத்து நாளைக்கு ஒரு கட்டுப்பாடு: அந்தப் பத்து நாளும் வட்டத்து மக்களும் உறுப்பினரும் சேர்ந்து தங்கள் வட்டத்தில் ஒரு வேலையை முடிக்க வேண்டும். ஒரு கண்மாய் வரத்துக்கால், ஒரு பள்ளிக்கூடச் சுவர், ஒரு பூங்கா, ஏதோ ஒன்று.

முதல் வருடம் மாநகராட்சியின் அண்ணா மாளிகையில் கொடி ஏற்றப்போவது யார் என்பதில் போட்டி வரும். அமைச்சரை அழைக்கச் சொல்வார்கள், நடிகரை அழைக்கச் சொல்வார்கள். உங்களிடம் நான் கேட்கும் ஒரே வரம் இது. மாநகராட்சியில் மிக நீண்ட காலம் வேலை பார்த்த தூய்மைப் பணியாளர் யார் என்று பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். இந்த ஊரின் எல்லாத் தெருவையும் தன் கையால் தொட்டவர் அவர். கயிற்றை அவர் கையில் கொடுங்கள். நீங்கள் நூறு பேரும் அவருக்குப் பின்னால் நில்லுங்கள். அன்றைக்கு வேண்டிய முதல் கொடிக்கான சுங்குடித் துணியை என் ஓய்வூதியத்தில் நான் வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
மதுரையின் ஒரு பழைய ஓவிய ஆசிரியர்